இம்மி

காரைக்குடி வீட்டைப் பிரிக்கிற பேச்சு வந்த அன்று, 'இம்மிகூட விட்டுக்கொடுக்க முடியாது' என்றார் பெரியப்பச்சி. வளவில் உட்கார்ந்திருந்த ஐயா நிமிர்ந்து பார்த்தார். 'இம்மின்னா எம்புட்டுன்னு தெரியுமாடா உனக்கு?' பதில் இல்லை. எனக்குத் தெரியும், அவர்தான் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்திருந்தார். பெரியவர்கள் பேசும் இடம். நான் வாயைத் திறக்கவில்லை.

ஒன்றை 320 கூறாக்கினால் ஒரு கூறு முந்திரி. 320 சும்மா வந்த எண் அல்ல. காலுக்கு 80 முந்திரி, மாகாணிக்கு 20, மாவுக்கு 16, காணிக்கு 4. புழக்கத்திலிருந்த பின்னங்களையெல்லாம் முழு எண்ணாக்கித் தந்துவிடுகிற எண். முந்திரியை மறுபடி 320 ஆக்கினால் கீழ்முந்திரி. அதாவது 1,02,400இல் ஒன்று. இந்த எண்ணை உடைத்தால் பன்னிரண்டு இரண்டுகளும் இரண்டு ஐந்துகளும்தான் கிடைக்கும். மூன்று கிடையாது. மூவருக்குப் பங்கு வைத்தால் தலைக்கு 34,133 போக ஒன்று மிஞ்சும். 320ஆல் எத்தனை முறை நுணுக்கினாலும் மிச்சம் மிச்சம்தான்.

ஐயா சொன்ன வாய்ப்பாட்டில், கீழ்முந்திரியை 21 கூறாக்கியது இம்மி. 21,50,400இல் ஒன்று. 21க்குள் ஒரு மூன்றும் ஒரு ஏழும் இருக்கின்றன. இப்போது மூவருக்கும் தலைக்கு 7,16,800. மிச்சமில்லை.

ஐயாவுக்கு ஆண்மக்கள் மூவர். வீடு மூன்றாகப் பிரிந்தது. வளவு மட்டும் பொது என்று எழுதினார்கள். கணக்கில் மிஞ்சாதது வீட்டில் மிஞ்சியது.

வெகுகாலம் கழித்து, தனக்குச் சிறிய எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி ராமானுஜன் 1915இல் வெளியிட்ட கட்டுரையைப் பற்றிப் படித்தேன். அவ்வகை எண்களில் ஒன்று 21,62,160. இம்மியின் எண்ணுக்கு 11,760தான் அதிகம். இம்மியின் எண்ணுக்குக் காரணிகள் 156. இதற்கு எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன்: 320. முந்திரியின் அதே 320. தற்செயல்தான். இதில் மர்மம் தேடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அன்றிரவு தூங்கவில்லை.

இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி உடைத்தேன். இம்மியில் இரண்டு பன்னிரண்டு முறை வருகிறது, மூன்று ஒரே முறை. மற்றதில் இரண்டு நான்கு முறை, மூன்று மூன்று முறை. பாதி பாதியாகவே பிரித்துப் பழகியவர்களின் எண் இம்மி. மூன்றுக்கு அதில் இடம் ஒருதடவைதான்.

அப்பச்சிக்கும் நாங்கள் மூவர். 7,16,800ஐ மூன்றால் வகுத்தால் தலைக்கு 2,38,933 போக ஒரு இம்மி மிஞ்சுகிறது. இருந்த ஒரு மூன்றையும் அப்பச்சியின் தலைமுறை செலவழித்துவிட்டது. 21,62,160ஆக இருந்திருந்தால் எங்கள் பிள்ளைகள்வரை மூன்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு போயிருக்கலாம்.

விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துக்காகத் தம்பி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டான். பங்கில் குறை ஒன்றுமில்லை, இம்மிகூட விடவில்லை என்று சொன்னான். இம்மி என்றால் எவ்வளவு என்று நான் அவனிடமும் சொல்லவில்லை.