புது ஆடு இருமியது, நான் தூசி என்றேன்

போன ஐப்பசியில் இந்தப் பத்திரிகையின் கேள்வி-பதில் பகுதிக்கு ஒரு கேள்வி எழுதினேன். ‘என் ஆடுகள் இருமுகின்றன, மூக்கில் சளி வடிகிறது, பென்சிலின் ஊசி போட்டும் கேட்கவில்லை, என்ன செய்யலாம்?’ என்று இரண்டே வரி. அதைத் தபாலில் சேர்ப்பதற்குள் மூன்று ஆடுகள் செத்துவிட்டன. அப்புறம் அனுப்பவே இல்லை. பதிலை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இன்னொருவர் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஆலந்தலை. திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலோரம். வீட்டுக்காரர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். காற்றும் மழையும் அடிக்கிற நாட்களில் படகு கரையில்தான் கிடக்கும். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது ஆட்டால்தான். நான் வளர்ப்பது கொடி ஆடு. கரும்போரை, செம்போரை இரண்டும் உண்டு. கால் நெடுத்த ஆடு. உடை நெற்றும் பூவரசு இலையும் கிடைத்தால் போதும், இந்த மணலிலும் பிழைத்துக்கொள்ளும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறக்க முடியாது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அதில் எனக்கு மிஞ்சியது 4 ஆடுகள். அவற்றைப் பெருக்கி, போன ஐப்பசியில் 16 ஆக்கியிருந்தேன். அத்தோடு நின்றிருக்கலாம். நல்ல கிடா ஒன்று வேண்டும் என்று மகளிர் குழுவில் கடன் வாங்கி, தூரத்துச் சந்தையில் ஒரு கிடாவும் ஒரு பெட்டையும் பிடித்து வந்தேன். லோடு ஆட்டோவில் பல ஊர் ஆடுகளோடு நெருக்கியடித்து வந்தவை அவை. இறக்கும்போதே கிடா இருமியது. “ரோட்டுத் தூசியாத்தான் இருக்கும்” என்று சொல்லி, அன்று ராத்திரியே மற்ற ஆடுகளோடு கட்டினேன்.

பன்னிரண்டாம் நாள் என் சினை ஆடு தீவனத்தைத் தொடவில்லை. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி நின்று, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகியது. மழைச் சளி என்று நினைத்து, கடையில் பென்சிலின் வாங்கி, ஊசி போடத் தெரிந்த ஒருவரை வைத்து இரண்டு நாள் போட்டேன். ஈரக்காற்று படக்கூடாது என்று கொட்டிலைச் சுற்றித் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினேன். அது இன்னொரு தப்பு. மூத்திர வாடை உள்ளேயே தங்கி ஆடுகளின் மூச்சுக்குழாயை அரித்தது. ஓர் ஆடு இருமியது அத்தனை ஆடுகளின் மூக்கிலும் போய் விழுந்தது.

அந்த வாரம் ஒரு வியாபாரி வந்தார். லேசாக இருமிக்கொண்டிருந்த இரண்டு ஆடுகளைப் பாதி விலைக்குக் கேட்டார். குழுத் தவணை நெருங்கியிருந்தது, கொடுத்துவிட்டேன். அவை எந்த ஊர்க் கொட்டிலுக்குப் போயினவோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால், நோய் ஊர் விட்டு ஊர் போகும் வழியே இதுதான்.

மூன்றாவது ஆடு செத்த பிறகுதான் என் தம்பி மகன் 1962-க்கு போன் போட்டான். வந்த டாக்டரம்மா முதலில் செத்த ஆட்டைத் திறந்து பார்த்தார். நெஞ்சுக்கூட்டில் வைக்கோல் நிறத்தில் தண்ணீர் கோத்து நின்றது. ஒரு பக்க நுரையீரல் மட்டும் ஈரலைப்போல் கெட்டியாகி, விலா எலும்போடு ஒட்டிக் கிடந்தது. “இது மழைச் சளி இல்லைம்மா. மைக்கோபிளாஸ்மாவாக இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன்” என்றவர், ஆய்வகத்துக்கு மாதிரி எடுத்துக்கொண்டார். முடிவு வரும்வரை காத்திருக்காமல் மருந்தையும் மாற்றினார். பிறகு வந்த முடிவும் அதையேதான் சொன்னது.

“பென்சிலின் ஏன் கேட்கலை டாக்டர்?” என்று கேட்டேன். அவர் சொன்ன விளக்கம் மறக்காது. பல பாக்டீரியாக்களுக்கு உடம்பைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. அந்தச் சுவரைக் கட்டவிடாமல் கெடுத்துத்தான் பென்சிலின் அவற்றைக் கொல்கிறது. மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவரே கிடையாது. இல்லாத சுவரை மருந்து எப்படி இடிக்கும்? இதற்கு ஆக்ஸிடெட்ராசைக்ளின், டைலோசின் போன்ற மருந்துகள் வேண்டும். அவையும் நோய் தொடங்கிய உடனே, டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை போட்டால்தான் பலன். நான் இழந்த நாட்கள் ஆட்டின் உயிர்.

அவரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்ட கதை ஒன்று. ஆடுகளைக் கொல்லும் இந்தத் தொற்று நுரையீரல் நோயை 1873-லேயே அல்ஜீரியாவில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1880 வாக்கில் துருக்கியிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலில் போன அங்கோரா ஆடுகளோடு நோயும் போய் இறங்கியது. அங்கே ஹட்சியன் என்ற கால்நடை மருத்துவர்தான், இது ஆட்டுக்கு ஆடு ஒட்டும் நோய் என்று காட்டினார். ஆனால், கிருமியைப் பிரித்து வளர்த்துப் பார்க்க 1976 வரை ஆனது. கென்யாவில்தான் அது முடிந்தது. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு சிரமப்பட்டு வளர்கிற கிருமி. நூறு வருஷம் ஆராய்ச்சிக்காரர்களுக்கே தண்ணி காட்டிய நோயை, நான் கடை ஊசியால் தீர்க்கப் பார்த்திருக்கிறேன். அன்று கப்பல், இன்று லோடு ஆட்டோ. வேறொன்றும் மாறவில்லை.

எல்லா இருமலும் இதுவாகாது. பாஸ்சுரெல்லா வகைக் கிருமி நல்ல ஆட்டின், மாட்டின் தொண்டையிலேயே சும்மா இருக்கும். மழை, பட்டினி, நெடும்பயணம் என்று உடம்பு சோரும்போது நுரையீரலில் இறங்கிவிடும். மாட்டுக்கு வரும் தொண்டை அடைப்பான் அந்த வகைதான். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டால் அதைத் தடுக்கலாம். ஆட்டுக்கு வரும் பி.பி.ஆர் ஒரு வைரஸ். 1987-ல் இந்தியாவில் அதை முதன்முதலில் கண்டது நம் விழுப்புரம் பக்கம் அரசூரில். அது ஆட்டின் எதிர்ப்புச் சக்தியைக் குலைத்துக் கதவைத் திறந்துவிடும். உள்ளே நுழைந்து கொல்வது பல நேரம் பாக்டீரியாதான். அதனால் பி.பி.ஆர் ஊசியை விடக்கூடாது. ஆனால், அந்த ஊசியும் துள்ளுமாரி ஊசியும் மைக்கோபிளாஸ்மாவைத் தடுக்காது. கோழிக்கு வரும் நாள்பட்ட சளி நோயும் மைக்கோபிளாஸ்மா குடும்பம்தான். தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கே போய்விடும். கோழிக்கு முகம் வீங்கி மூக்கில் நாற்றச் சளி வந்தால் அது கொரைசா என்ற வேறு நோயாக இருக்கலாம். இருமலை மட்டும் வைத்து நாமே மருந்து முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இவ்வளவும் காரணம்.

கணக்கு இதுதான். 18-ல் 8 செத்தது, 2 விற்றது, மிச்சம் 8. ஆனால், என்னைத் தூங்கவிடாதது இந்தக் கணக்கு இல்லை. பக்கத்து வீட்டு மாமி வீட்டுக்காரரைக் கடலில் இழந்தவர். அவருக்கு இருந்தது 3 ஆடுகள். அவையும் என் ஆடுகளோடுதான் உடங்காட்டில் மேயும். அதில் 2 செத்தன. ஆய்வக முடிவு வந்த அன்று சாயங்காலம் போய், கிடா இருமியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மாமி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “ஏட்டி, அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் ஆட்ட வீட்டுல கெட்டிப் போட்டிருப்பேன்லா” என்றார். எனக்குப் பதில் இல்லை.

என் பெட்டைகளில் ஒன்றைக் கொடுத்துக் கடன் தீர்க்கலாம் என்று நினைத்தேன். டாக்டரம்மா தடுத்துவிட்டார். தேறிய ஆடு பார்க்க நன்றாக இருந்தாலும் கிருமியைச் சுமந்துகொண்டிருக்கலாமாம். ஆகையால் தை மாதம் படகு நன்றாக ஓடியபோது காசு சேர்த்து, பக்கத்து ஊரில் தெரிந்தவர் வீட்டிலிருந்து இரண்டு பெட்டைக் குட்டிகள் வாங்கினேன். 45 நாள் தங்கச்சி வீட்டில் தனியாகக் கட்டி வைத்துப் பார்த்த பிறகே மாமி கையில் கொடுத்தேன்.

இப்போது என் வீட்டில் சில வழக்கங்கள் உண்டு. புது ஆடு எதுவானாலும் 45 நாள் தனிக் கொட்டில், தனித் தண்ணீர்ச் சட்டி. அதைக் கடைசியில்தான் கவனிப்பேன். மழைக்குக் கூரை உண்டு, ஆனால் காற்றை அடைக்கமாட்டேன். செத்த ஆட்டை உடங்காட்டில் வீசாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்போம். மருந்து போட்ட ஆட்டின் பாலையும் கறியையும் டாக்டர் சொன்ன நாள் முடியும்வரை யாருக்கும் கொடுப்பதில்லை. இருமுகிற ஆட்டை எவ்வளவு கொடுத்தாலும் விற்பதில்லை.

உங்கள் கொட்டிலில் ஓர் ஆடு இருமினால் 1962-க்குச் சொல்லுங்கள். அந்த போனை வைத்த கையோடு பக்கத்து வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.