காமன் பொட்டலில் ஓர் இரவு

அட்டனில் தலவாக்கலை பஸ் ஏறி, பத்தனைச் சந்தி தாண்டி இறங்கும்போது மாலை ஆறு மணி ஆகிவிட்டது. மாசி மாதம். திம்புள்ளப் பக்கம் வறண்ட குளிர்காற்று வீசுகிற காலம் இது. தை, மாசியில் இங்கே பறிக்கிற கொழுந்துக்குத்தான் கொழும்பு ஏலத்தில் பேர் அதிகம். அந்த மாசியில்தான் காமன் கூத்தும் வருகிறது. பகலெல்லாம் மலையில் நிற்கிற சனம், இராவெல்லாம் பொட்டலில் நிற்கும்.

நான் போன தோட்டத்தில் மேற்கணக்கு லயங்களுக்குக் கீழே, கொழுந்து மடுவத்தை ஒட்டினாற்போல் ஒரு சின்ன வெளி. ஆண்டின் மற்ற நாட்களில் அதில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையன்று காமன் கம்பம் ஊன்றிவிட்டால் அதுவே காமன் பொட்டல். அதன்பின் செருப்போடு யாரும் உள்ளே போவதில்லை. நானும் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். தரை ஐஸ் மாதிரி இருந்தது.

கூத்து தொடங்க இன்னும் நேரம் இருந்தது. பொட்டலின் ஓரத்தில் நெருப்பு மூட்டி நாலு பேர் தப்புக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கவ்வாத்து மலையிலிருந்து கட்டி வந்த மிலாறுதான் விறகு. பக்கத்தில் காய்ந்த மானாப்புல் ஒரு கட்டு. பெரியவர் ஒருவர் தப்பைத் தணலுக்கு நேரே பிடித்து, மெல்லச் சுழற்றி, எடுத்துக் காதோரம் வைத்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். திருப்தி இல்லை. ஒரு பிடி மானாப்புல்லை நெருப்பில் போட்டு, எழும்பிய சுடரில் மறுபடி காட்டினார். மூன்றாவது தடவை தட்டியபோது ‘டங்’ என்று வந்தது. அவர் முகமும் தெளிந்தது.

“இந்தப் பனியில பத்து நிமிசம் தாங்காது தம்பி. தோல் எறங்கிப் போயிரும். நெருப்பு அணையாமப் பாத்துக்கணும். அதுதான் எங்க வேலையில பாதி” என்றார்.

குச்சிகளைக் கையில் தந்தார். இடக்கைக்கு மூங்கிலில் சீவிய நீளமான மெல்லிய குச்சி. வலக்கைக்குக் கட்டையான, கனமான குச்சி. சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி என்று மூன்றையும் மெதுவாகத் தட்டிக் காட்டினார். நாலாவதாக ஒன்றைத் தட்டிவிட்டுச் சிரித்தார்.

“இது பெரட்டுத் தப்பு. எங்கப்பா காலத்துல விடியக்காலைல இதை அடிச்சித்தான் லயத்துல ஆளெழுப்புவாங்க. இதைக் கேட்டா வயசானவங்க இப்பவும் திடுக்குனு முழிப்பாங்க.”

அந்த அடியைக் கேட்டுவிட்டு என்னால் உடனே பேச முடியவில்லை. வேலைக்கு விரட்டிய அதே தோற்கருவியை, வேலை முடிந்த இரவில் தங்களுக்கென்று அடித்துக்கொண்ட மனிதர்கள் இவர்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்கள் ஆக்கியபோதும் காமன் கம்பம் ஊன்றப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைக்கு எம்.பி.யாகப் போன சி.வி. வேலுப்பிள்ளை, மடகும்புரத் தோட்டத்தில் பிறந்த கவிஞர். இந்த மக்களின் வாய்ப்பாடல்களைத் தேடித் திரட்டியவரும் அவர்தான்.

ஒன்பது மணிக்கு மேல் ரதியும் மதனும் வந்தார்கள். ரதி வேஷம் கட்டியது ஒரு பையன். கொழும்பில் கடையில் வேலை. கூத்துக்காக லீவு போட்டு வந்திருக்கிறான். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிவனின் தவத்தைக் கலைக்க மதனைத் தேவர்கள் அனுப்புகிறார்கள். கெட்ட கனவு கண்டேன், போகாதே என்று ரதி மறிக்கிறாள். இந்த மறிப்புத்தான் கூத்தின் உயிர். மதன் ஓரடி வைக்கிறான், ரதி குறுக்கே வருகிறாள், பாட்டு மாறுகிறது, தப்பின் நடையும் மாறுகிறது. என் பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்ற ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “எம் மவனும் கொழும்புலதான்” என்றார், கேட்காமலே.

தஞ்சாவூர்ப் பக்கம் இதே கதையை லாவணியாக்கி, காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று ஒரு கட்சியும் பாட்டிலேயே வாதாடுவார்கள். இங்கே அந்த வாதத்துக்கு இடமில்லை. காமன் எரிகிறான். கடைசி இரவில் கம்பத்துக்குத் தீ வைத்து, ரதியின் ஒப்பாரி முடிந்தபின் அவனை எழுப்பிக் கொடுப்பார்கள். நான் போனது அதற்கு முந்திய சனிக்கிழமை. மறுநாள் மலைக்குப் போக வேண்டாம் என்பதால் பொட்டல் நிறையச் சனம்.

நள்ளிரவுக்குப் பின் தேத்தண்ணி வந்தது. தப்புக்காரர்களுக்குக் கடைசியில் கொடுத்தார்கள். எனக்கு அது உறுத்தியது. தப்படிப்பதை ஒரு சாதியின் தலையில் கட்டி, அவர்களையே தள்ளி நிறுத்துகிற வழக்கம் கடல் தாண்டிக் கூடவே வந்த ஒன்று. இன்னும் முழுசாகப் போகவில்லை. பெரியவரின் பிள்ளைகள் யாரும் தப்பைத் தொடுவதில்லை. அவர்கள் மேல் குற்றமில்லை. கை பழகியதற்குக் கிடைத்தது அவமானம் என்றால் யார் பழகுவார்கள்?

ஆனால் அன்று நெருப்பருகே இரண்டு பள்ளிக்கூடப் பையன்கள் குந்தியிருந்தார்கள். கீழ்க்கணக்கிலிருந்து வந்தவர்கள், பெரியவரின் சொந்தக்காரர்கள் இல்லை. அவர் இளைப்பாறும்போதெல்லாம் தப்பை வாங்கித் தட்டிப் பார்த்தார்கள். ஒருவனுடைய அடி பிசகியது. “இடக்கைய விடு, அது தானா வரும்” என்று அவன் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினார் பெரியவர். விடிய நாலு மணி வரைக்கும் அவர்கள் நகரவில்லை.

அட்டன், தலவாக்கலைப் பாடசாலைகளின் அதிபர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இப்படிப்பட்ட பெரியவர் ஒருவரை வாரத்தில் ஒரு நாள் சங்கீத வகுப்புக்குக் கூப்பிடுங்கள், ஆசிரியர் என்ற மரியாதையோடும் சம்பளத்தோடும். நான் கண்ட பெரியவருக்கு எழுபத்திரண்டு வயது. அந்தத் தோட்டத்தில் நாலு அடியும் முழுசாகத் தெரிந்தவர் இப்போது அவர் ஒருவர்தான்.