எல்லைக்கு ஓரடி இப்பால்

வேலிச் சண்டை இல்லாத ஊர் யாழ்ப்பாணத்தில் இல்லை. கதியால் போடும்போது அரைச் சாண் தள்ளி ஊன்றினால் இரண்டு குடும்பங்கள் ஆயுளுக்கும் முகம் பார்க்காது. அப்படிப்பட்ட மண்ணிலிருந்து வந்து ஸ்காபரோவில் வீடு வாங்கிய எங்கள் சனத்துக்கு முதலில் விளங்காதது, சொந்தக் காணிக்குள்ளேயே சுவர் எழுப்பக் கூடாத ஒரு பட்டை இருப்பதுதான். காசு கொடுத்து வாங்கிய நிலம் ஏன் சும்மா கிடக்க வேணும் என்று கேட்காதவரை நான் கண்டதில்லை.

ஆனால் அந்தக் கண்டிப்பு முக்கியமாகச் சுவருக்குத்தான். 1998இல் ஸ்காபரோவும் மற்ற நகரங்களும் ரொறன்ரோவோடு இணைந்தன. அவற்றின் வெவ்வேறு விதிகளை ஒன்றாக்க வந்தது 569-2013 என்ற நகரத் துணைச்சட்டம். அதன்படி குடியிருப்புப் பகுதிகளில் கூரை இறப்பு அந்தப் பட்டைக்குள் 0.9 மீட்டர் வரை நீளலாம். அலங்காரத் தூணும் சன்னல் படியும் 0.6 மீட்டர் வரலாம். எவ்வளவு நீண்டாலும் எல்லைக் கோட்டுக்கு 0.3 மீட்டர் இப்பால், ஏறக்குறைய ஓரடியில், நின்றுவிட வேண்டும். பக்க இடைவெளியை விட்டுக் கட்டினால் திறந்த முன் விறாந்தைக்கு 2.5 மீட்டர் வரை இடமுண்டு.

இந்த அளவுகளில் ஒரு நியாயத்தைக் காண்கிறேன். சுவர் பக்கத்து வீட்டு வெளிச்சத்தை எடுக்கிறது. இறப்பு அப்படி எதையும் எடுப்பதில்லை. தன் சுவரை நனையாமல் காக்கிறது. அந்த ஓரடி இருந்தால் பீலி நிரம்பி வழியும் தண்ணீரும் தன் காணியிலேயே விழும். விறாந்தை தெருவைப் பார்த்துத் திறந்திருக்கிறது, போகிற வருகிறவர்களோடு பேச வைக்கிறது. அதையே சுற்றிவரச் சுவர் வைத்து அறையாக்கினால் சலுகை போய்விடும். அதுவும் வீட்டின் உடம்பாகிவிடும்.

விதியை மீறித்தான் கட்ட வேண்டுமென்றால் நகரத்தின் சரிசெய்தல் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். மாற்றம் சிறியதா, அந்த இடத்துக்கு ஏற்றதா, நகரத் திட்டத்தின் நோக்கத்துக்கும் துணைச்சட்டத்தின் நோக்கத்துக்கும் பொருந்துகிறதா என்று குழு பார்க்கும். 60 மீட்டருக்குள் காணி வைத்திருப்பவர்களுக்கு அறிவித்தல் போகும். அயலவர் வந்து தன் சன்னல் இருட்டாகும் என்று சொல்லலாம். கேட்டுத்தான் ஆக வேண்டும். அப்புக்காத்து வைக்காமல், கத்தியும் கோடாலியும் தூக்காமல் எல்லையைப் பேசித் தீர்க்க ஒரு மேசை இருக்கிறதே, அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

அதனால்தான் 2022இல் ஒன்ராறியோ அரசு கொண்டுவந்த 23ஆம் இலக்கச் சட்டமூலம் எனக்கு வலிக்கிறது. குழுவின் முடிவை எதிர்த்து அயலவர் மேன்முறையீடு செய்யும் உரிமையை அது எடுத்துவிட்டது. வீடுகள் வேகமாகப் பெருக வேண்டும் என்ற அவசரம் எனக்கும் விளங்குகிறது. எங்கள் பிள்ளைகளே வீடு வாங்க முடியாமல் நிற்கிறார்கள். ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரருக்கு இப்போது மிஞ்சியிருப்பது குழுவின் முன் பேசுகிற அந்தச் சில நிமிடங்கள் மட்டுமே. எங்கள் ஆட்களில் பலர் அறிவித்தல் கடிதத்தை விளம்பரம் என்று நினைத்து எறிந்துவிடுகிறார்கள். எறியாதீர்கள். பிரித்து வாசியுங்கள், வரைபடத்தில் உங்கள் பக்கத்துக்கு எத்தனை மீட்டர் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். சொல்ல ஏதும் இருந்தால் விசாரணை நாளுக்கு முன் எழுதி அனுப்புங்கள்.