ஆபிரகாம் பண்டிதரும் இசைத்தொண்டும்

இசைவாணர் உயர்வதற்கு அரசர் ஆதரவே வழியென்பது தஞ்சையில் நெடுங்காலம் நிலவிய எண்ணம். 1859-ஆம் ஆண்டிற் பிறந்து, ஆசிரியராய்த் தஞ்சையம்பதியை அடைந்த ஆபிரகாம் பண்டிதர் வேறொரு வழி கண்டார். சித்த மருந்துகளை விற்று ஈட்டிய பொருளை இசைக்கே செலவிட்டார். 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, வித்துவான்களைத் தம் செலவில் வரவழைத்து மாநாடுகள் கூட்டினார். சுருதிகள் 22 என்னும் கொள்கையை மறுத்து, 24 எனத் துணிந்து வாதித்தார். 1916-இல் பரோடா மாநாட்டிலும் அதனையே எடுத்துரைத்தார். 1917-இல் அவரது ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. 1919-இல் அவர் மறைந்தார்.

அவர் கணக்கைப் பலர் ஏற்றிலர். ஆயினும், பிறர் தயவை நாடாதவரே பிறர் ஒப்பாததை அஞ்சாது மொழியவல்லார் என்பதை நாம் அவரிடத்துக் கற்கின்றோம். கலையை விரும்பும் நம் மாணவர் கைத்தொழிலொன்றையும் உடன் பயில்வாராக.