இட்லித் தட்டும் இரண்டாம் பாகமும்

2017 ஜூனில் ‘மான்யுமென்ட் வேலி’ விளையாட்டின் இரண்டாம் பாகம் வந்தது. அதை ஆடியவர்களில் பலர் அழகாக இருக்கிறது என்றார்கள், இசை நன்றாக இருக்கிறது என்றார்கள், அம்மா நினைவு வந்தது என்றார்கள். அதற்கப்புறம் ஒரு ‘ஆனால்’ போட்டு இரண்டு சொற்களைச் சேர்த்தார்கள்: எளிது, சின்னது.

இந்த இரண்டு சொற்களையும் நம் வீடுகளில் நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். சமையலைப் பற்றி, பிள்ளை வளர்ப்பைப் பற்றி, பெண்கள் எழுதும் கவிதையைப் பற்றி. அதனால்தான் ஒரு கணினி விளையாட்டைப் பற்றி இந்தத் தொகுப்பில் எழுதுகிறேன்.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லண்டனில் உள்ள உஸ்டூ கேம்ஸ் நிறுவனம் 2014 ஏப்ரலில் முதல் பாகத்தை வெளியிட்டது. டச்சு ஓவியர் எஷர் வரைந்த, ஏறினால் இறங்கிய இடத்துக்கே வந்து சேரும் படிக்கட்டுகளை நினைவுபடுத்தும் கட்டடங்கள். விரலால் ஒரு கோபுரத்தைத் திருப்பினால் எட்டாத இரண்டு பாதைகள் கண்ணுக்கு முன்னால் ஒன்றாகிவிடும். கூர்த் தொப்பி வைத்த ஐடா என்ற இளவரசி அந்தப் பாதையில் தனியாக நடந்து போவாள். மொத்தம் பத்துக் கட்டங்கள். அப்போதே சின்னது என்ற புகார் இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் எட்டுப் புதிய கட்டங்களைச் சேர்த்து அதற்கு 2 டாலருக்குள் விலை வைத்தார்கள். அதற்கும் பணமா என்று கோபப்பட்டு ஒற்றை நட்சத்திரம் போட்டவர்கள் நிறையப் பேர்.

இரண்டாம் பாகத்தில் நடப்பவர்கள் இரண்டு பேர். ரோ என்ற அம்மா, பெயர் சொல்லப்படாத அவள் பெண். முதலில் அம்மா போகும் பக்கம் குழந்தை ஓடி வருகிறது. பிறகு இருவரும் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் மாட்டிக்கொள்கிறார்கள். பிறகு ஒரு கட்டத்தில் அம்மா அவளைத் தனியே அனுப்பிவைக்கிறாள். முதல் பாகத்தில் வழியைக் கண்டுபிடிப்பது வேலை. இரண்டாம் பாகத்தில் வழி பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. அந்த வழியில் இன்னொருத்தியையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்வதுதான் வேலை.

ரிஷிவந்தியம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். கதைசொல்லலைப் பற்றிய வகுப்பில் இந்த விளையாட்டை மாணவிகளுக்குக் கொடுத்தேன். பலருக்குச் சொந்தமாகப் போன் இல்லை. வீட்டில் இருப்பது அண்ணனுடையது, அல்லது அப்பாவுடையது. அதனால் என் போன் கைமாறிக்கொண்டே இருந்தது. எளிதாக இருக்கிறதென்று அவர்களும் சொன்னார்கள். ஆனால் ஒருத்தி, திருக்கோவிலூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருபவள், சொன்னது இது: “வழி ஈசிதான் மேடம். ஆனா நான் ஒரு அடி வைக்கறதுக்கு முன்னாடி அந்தப் புள்ள எங்க நிக்குதுன்னு பாக்கணும். தம்பிய வச்சிக்கிட்டு அடுப்பு வேல பாக்கற மாதிரியே இருக்குது.”

ஆட்டக்காரர்கள் ‘கடினம்’ என்று சொல்வது மாட்டிக்கொண்டு நிற்பதை. விடை தெரியாமல் அரை மணி நேரம் திரும்பத் திரும்ப முயன்றால் அது கடினம். விடை தெரிந்த பிறகும் இன்னொரு உயிரின் மேல் ஒரு கண்ணை வைத்தபடி அதைச் செய்துமுடிப்பது இந்தக் கணக்கில் வராது. வீட்டு வேலை இத்தனை காலம் ‘சும்மா இருப்பது’ என்ற தலைப்பில் கிடப்பதற்கும் காரணம் இதே கணக்குதான். அதில் புதிர் எதுவும் இல்லை, எல்லாம் தெரிந்த வேலை, ஆகவே அது எளிது.

எங்கள் அடுத்த விளையாட்டு தமிழர்களுடையது. பெயர் ‘வெண்பா’. டொரன்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. 1980களின் இறுதியில் கனடாவுக்குப் போன வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின். அம்மா எழுதிக்கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. எழுத்து அழிந்த இடங்களை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். அதுதான் புதிர். இந்த விளையாட்டுக்கு 2024இல் பாஃப்டாவின் முதல் படைப்புக்கான விருது கிடைத்தது. இதற்கும் வந்த குறை அதே இரண்டு சொற்கள்தான். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, புதிர்கள் புதிராகவே இல்லை.

முதல் புதிர் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்குவது என்பது கேள்வி. ஒரு தட்டின் குழிக்கு நேராக அடுத்த தட்டின் குழி வந்துவிட்டால் ஆவி மேலே ஏறாது. மாற்றிவைக்க வேண்டும். என் மாணவிகளில் ஒருத்திகூட இதில் நிற்கவில்லை. இதில் என்ன புதிர் என்றுதான் கேட்டார்கள். அதே வகுப்பில் உள்ள ஒரு மாணவன் மூன்று தடவை தவறாக அடுக்கினான். பெண்கள் சிரித்தார்கள். பிறந்ததிலிருந்து அவனும் இட்லி தின்றுதான் வளர்ந்திருக்கிறான். தட்டு எப்படி அடுக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டிய தேவை மட்டும் அவனுக்கு வரவில்லை. ஒரே ஊர், ஒரே சாப்பாடு, ஒரே திரை. ஒருவனுக்குக் கடினம், பதினோரு பேருக்கு எளிது.

அடுத்தது புட்டு. அங்கே என் மாணவிகள் நின்றுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் கேழ்வரகுப் புட்டை இட்லிப் பானையில் துணி போட்டு அவிப்போம். குழாய்ப் புட்டு இந்தப் பக்கத்து அடுப்பில் அபூர்வம். குழாய்க்குள் அடியில் ஒரு சில்லு போட வேண்டும், மாவும் தேங்காயும் மாறி மாறி வர வேண்டும் என்பதெல்லாம் யாருக்கும் தெரியவில்லை. சரியாகச் செய்தவள் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவள். அவள் அம்மாவும் அப்பாவும் வருடத்தில் பல மாதம் கேரளத் தோட்டங்களில் கூலி வேலைக்குப் போகிறவர்கள். சின்ன வயதில் அவளும் கூடப் போயிருக்கிறாள். லைன் வீட்டில் பக்கத்து அடுப்பைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ‘எளிது’ என்று அவளும் சொன்னாள். அந்த எளிதுக்குப் பின்னால் பள்ளிக்கூடத்தில் விட்டுப்போன மாதங்கள் இருந்தன.

விளையாட்டைப் பற்றி ஒருவர் சொல்லும் தீர்ப்பில் பாதி, அவர் எந்த அடுப்படியில் நின்றார், எதில் நிற்க வேண்டியிருக்கவில்லை என்பதைப் பற்றியது. கவினின் முறை வரும்போது இது இன்னும் தெளிவாகிறது. அம்மாவின் குறிப்பை அவன் சமைக்கப் பார்க்கிறான். அவனுக்குத் தமிழ் சரியாக வாசிக்க வராது. வெண்பாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை, அவனுக்கு விடுபட்ட சொற்களும் ஊகங்களுமாக நிற்கிறது.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெண்பா புலவர்க்குப் புலி என்பார்கள். தளை தட்டாமல், ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாக முடியும்படி ஒரு வெண்பா எழுதிப் பார்த்தவர்களுக்கு அந்தப் புலியின் நகம் தெரியும். அதிலும் சிறியது குறள் வெண்பா. ஏழே சீர். அதைச் சின்னது என்று இதுவரை யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை.

விளையாட்டைத் திருப்பிக் கொடுக்கலாம். ஸ்டீம் என்ற விற்பனைத் தளத்தில் 2015 முதல் ஒரு விதி இருக்கிறது. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். வாங்குபவருக்கு நல்ல விதிதான். ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் முடியும் கதையை முழுக்க ஆடிவிட்டும் பணத்தைக் கேட்க முடியும். ‘சம்மர் ஆஃப் 58’ என்ற சிறிய விளையாட்டை உருவாக்கியவர் 2021இல் இதே காரணத்தைச் சொல்லித்தான் விளையாட்டு உருவாக்குவதிலிருந்து விலகுவதாக அறிவித்தார். சுருக்கமாகச் சொல்ல நினைப்பவர்களுக்குச் சந்தை சொல்லும் பாடம் இது: இழு, நீட்டு.

இதையெல்லாம் வகுப்பில் பேசியபோது நான் இன்னொரு கணக்கையும் சொன்னேன். 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். நாற்பது மணி நேர விளையாட்டை முடித்துவிட்டு ‘இதுதான் முழு விளையாட்டு’ என்று சொல்ல வாய்ப்பவர் யார் என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும். சின்ன விளையாட்டுகள் நம் கையில் கிடைக்கும் நேரத்துக்குள் அடங்குகின்றன, சின்னது என்பது குறையாக இருக்க வேண்டியதில்லை என்றேன்.

பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள். “அப்ப பொம்பளைங்களுக்குச் சின்னதே போதும்ன்றீங்களா மேடம்?”

அந்தக் கேள்வி வந்த பிறகு பேச்சு வேறு திசையில் போனது. போதும் என்று எங்களுக்காக யாரோ அளந்து வைத்த அளவுகள் நிறைய. பிளஸ் டூ வரை போதும், டீச்சர் வேலை போதும், நாலு வரிக் கவிதை போதும். ரோவின் கதையும் வெண்பாவின் கதையும் எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கின்றன, அதில் குறையில்லை. அதற்காக எங்கள் பங்கு ஒன்றரை மணி நேரம்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. மாட்டிக்கொண்டு நிற்பதும் ஒரு சுகம். ஒரு பூட்டின் முன்னால் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பதும், அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லாமலிருப்பதும் ஆண் பிள்ளைகளுக்குச் சாதாரணமாகக் கிடைக்கும் விஷயம். அதையும் கேட்கலாம்.

அதனால் இப்போது ‘ரிவென்’ ஆடுகிறோம். இதுவும் இரண்டாம் பாகம்தான். மில்லர் சகோதரர்கள் 1993இல் வெளியிட்ட ‘மிஸ்ட்’ பல லட்சம் பேர் ஆடிய விளையாட்டு. அதன் தொடர்ச்சியாக 1997இல் ஐந்து சிடிக்களில் ‘ரிவென்’ வந்தது. அதைப் பற்றி ஆட்டக்காரர்கள் சொன்ன குறை நேர் எதிரானது. ரொம்பக் கடினம் என்றார்கள். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னவர்கள் பலர் அதில் ஒரு மரியாதையும் வைத்திருந்தார்கள். தோற்றதைப் பெருமையாகச் சொன்னார்கள். எளிது என்ற சொல்லோடு அப்படி ஒரு பெருமை ஒருபோதும் வருவதில்லை. கதையில் கேத்தரின் என்ற பெண் சிறையில் இருக்கிறாள், அவளை விடுவிக்க வேண்டும். அதற்கு அந்தத் தீவுகளின் எண்களைக்கூட நாமே கற்க வேண்டும். கற்றுக்கொடுக்க ஆளில்லை. ஒரு பள்ளிக்கூட அறையில் குழந்தைகளின் பொம்மை ஒன்று கிடக்கும். அதை இயக்கி இயக்கிப் பார்த்து எண்களைப் பிடிக்க வேண்டும்.

பழைய விளையாட்டு என்பதால் பழைய கணினியே போதுமானதாக இருக்கிறது. சனிக்கிழமை காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை. வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். யாராவது போன் செய்து “எப்ப வருவ, மாடு கட்டணும்” என்றால் ஒருத்தி எழுந்து போகிறாள், மற்றவர்கள் அவளுக்காகக் குறிப்பு எழுதி வைக்கிறார்கள். புள்ளிக்கோலம் போடுகிறவர்கள் ஆதலால் அந்த எண்களின் வடிவத்தைச் சீக்கிரம் பிடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் நடக்கவில்லை. ஐந்து வரை எழுதத் தெரிந்திருக்கிறது. ஆறு எப்படி வரும் என்பதில் மூன்று சனிக்கிழமையாகச் சண்டை. இதுவரை யாரும் எளிது என்று சொல்லவில்லை, யாரும் விடையைக் கேட்டுச் சொல்லுங்கள் என்று என்னிடம் வரவும் இல்லை.