பென்குயின் தீவில் மேய்ந்த கிறிஸ்துமஸ் மான்கள்

கிறிஸ்துமஸ் தாத்தாவின் பனிவண்டியை இழுக்கும் ரெயின்டீர் மானுக்குச் சொந்த ஊர் வட துருவத்துப் பக்கம். பென்குயின்கள் வாழ்வதோ தெற்கே. இரண்டும் சந்திக்க வழியே இல்லை என்றுதான் நினைப்போம். ஆனால், ஒரு தீவில் சந்தித்தன. கடற்கரையில் பென்குயின்கள் கூட்டமாக நிற்க, பக்கத்திலேயே கொம்பு விரித்த மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல... நூறு வருஷம்!

அந்தத் தீவின் பெயர் தெற்கு ஜார்ஜியா. அட்லாண்டிக் கடலின் தென்கோடியில், ஃபாக்லாந்து தீவுகளுக்கும் அப்பால் சுமார் 1,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பிரிட்டனுக்குச் சொந்தம். விமானம் இறங்க வழியில்லை, கப்பல்தான். மரம் ஒன்றுகூடக் கிடையாது. பாதி நிலத்துக்கு மேல் நிரந்தரப் பனி. கரையோரத்தில் மட்டும் டஸ்ஸாக் என்ற புல் புதர் புதராக உயர்ந்து நிற்கும். அதன் அடியில் மண்ணைக் குடைந்து வளை அமைத்து, பெட்ரல் என்ற கடற்பறவைகள் லட்சக்கணக்கில் முட்டையிடுகின்றன. புல்லைக் கடித்து மேயும் நிலவிலங்கு எதையும் இயற்கை அங்கே வைக்கவில்லை.

மனிதன் வைத்தான். 1904-ல் கார்ல் ஆன்டன் லார்சன் என்ற நார்வேக்காரர் இங்குள்ள கிரிட்விக்கனில் திமிங்கில வேட்டை நிலையம் தொடங்கினார். வேலைக்கு வந்தவர்களும் பெரும்பாலும் நார்வேக்காரர்களே. எந்நேரமும் எண்ணெய் காய்ச்சும் நாற்றம், எங்கு பார்த்தாலும் பனி. 1913 கிறிஸ்துமஸ் அன்று அவர்கள் திறந்த மரத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. போன இடத்தில் கோயில் கட்டுவது எல்லா ஊர்க்காரர்களும் செய்வதுதானே! அதற்கு இரண்டு வருஷம் முன்பே வேறொன்றும் ஊரிலிருந்து வந்துவிட்டது. சாப்பாட்டுக்குப் புது இறைச்சி, ஓய்வு நாளுக்கு வேட்டை என்ற எண்ணத்தில், 1911-ல் 10 ரெயின்டீர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். மூன்று கிடா, ஏழு பெட்டை.

வடக்கில் கோடை என்றால் இங்கே குளிர்காலம். மான்கள் குழம்பிப் போயிருக்க வேண்டும். ஆனால், சில ஆண்டுகளிலேயே குட்டி போடும் காலத்தை ஆறு மாதம் தள்ளி, புது ஊர்க் காலண்டருக்கு மாறிவிட்டன! ஓநாய் இல்லை, சொந்த ஊரில் வாட்டிய ஈக்கள் இல்லை. பெருகின. வேறோர் இடத்தில் விட்ட மந்தை 1918-ல் பனிச்சரிவில் மொத்தமாக அழிந்தது. 1925-ல் மேலும் 7 மான்கள் வந்தன.

1965 வாக்கில் திமிங்கில வேட்டை நின்றது. அதற்குள் 1,75,000-க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் போயிருந்தன. மனிதர்கள் மூட்டை கட்டினார்கள். மான்கள் தங்கிவிட்டன. பனிக்காலத்தில் பனிக்கு மேல் தலை நீட்டுவது டஸ்ஸாக் புல்தான். அதை அடிவரை தின்றன. புல் போன இடத்தில் மண் அரித்தது, பறவைகளின் வளைகள் இடிந்தன. உலகின் தென்கோடிப் பாடும் பறவையான பிபிட் (நம் வயல்களில் ஓடித் திரியும் நெட்டைக்காலியின் சொந்தம்) கூடு கட்ட மறைவின்றித் தவித்தது. சீல் வேட்டைக் கப்பல்களில் வந்திறங்கிய எலிகள் வேறு முட்டைகளைத் தின்றுகொண்டிருந்தன.

நல்லவேளையாக, கடல்வரை இறங்கிய பனியாறுகள் வேலி மாதிரி நின்று மான்களை இரண்டு மூலைகளில் அடைத்து வைத்திருந்தன. பூமி சூடேற ஏற அந்த வேலி உருகிப் பின்வாங்கியது. இன்னும் சில வருஷம் விட்டால் தீவு முழுக்கப் பரவியிருக்கும். எலிக்கு ஹெலிகாப்டரில் விஷத் தீவனம் தூவுவதென்றால், அதற்கு முன் மான்களையும் அகற்றியாக வேண்டும்.

2001-ல் 59 குட்டிகளை ஃபாக்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். மற்றவற்றைக் கொல்வதென முடிவானது. 2013-ல் அந்த வேலைக்கு வந்தவர்களும் நார்வேக்காரர்களே! தலைமுறை தலைமுறையாக ரெயின்டீர் மேய்க்கும் சாமி இனத்தவர் (பெயர்தான் அப்படி) அவர்களில் இருந்தார்கள். மிரளாமல் மந்தையை ஓட்டிப் பட்டியில் அடைக்கும் வித்தை அவர்களுக்குத் தெரியும். வளர்த்துப் பழகிய கை அதைச் செய்ய எப்படித் துணிந்ததோ! மலைமுகடுகளில் எஞ்சியவற்றைத் துப்பாக்கி வீரர்கள் தேடிச் சுட்டார்கள். மொத்தம் 6,600-க்கும் மேல். இறைச்சியில் ஒரு பகுதி ஃபாக்லாந்துச் சந்தைக்குப் போனது.

மான்கள் செய்த தப்பு என்ன? ஒன்றுமில்லை. கொண்டுவந்து விட்டதும் மனிதன், தண்டித்ததும் மனிதன். ஆனால், மானுக்கு வடக்கே எத்தனையோ நாடுகள் இருக்கின்றன. பிபிட்டுக்கு இந்த ஒரு தீவுதான்.

2018-ல் எலிகளும் ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். புல் மறுபடி நிமிர்கிறது. பிபிட் பாட்டு கேட்காத இடங்களில் இப்போது கேட்கிறது. மான் மேய்ந்ததால் அடங்கிக் கிடந்த சில வெளியூர்க் களைகளும் சேர்ந்து தலைதூக்கியதுதான் புதுத் தலைவலி. அவற்றைத் தேடித் தேடிப் பிடுங்குகிறார்கள்.

துருவப் பயணி ஷாக்கிள்டனின் கல்லறையையும் பென்குயின்களையும் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகள் இப்போது சும்மா இறங்கிவிட முடியாது. கப்பலிலேயே பூட்ஸ் அடிப்பாகத்தைத் தேய்த்துக் கழுவி, பாக்கெட்டைக் கவிழ்த்து உதறி, ஒரு புல்விதைகூட ஒட்டியில்லை என்று காட்டிய பிறகுதான் கரைக்குப் படகு.