பத்து நாள் பொறியாளர்கள்

பத்தாம் வகுப்பில் காலடி வைத்த நாள் முதலாய் எங்களை விடாமல் துரத்தும் கேள்வி ஒன்று உண்டு. "அடுத்து எந்தக் குரூப்?" என்பதே அது. அத்தை கேட்கிறார்; பக்கத்து வீட்டு மாமி கேட்கிறார்; பால்காரர்கூடக் கேட்கிறார். வேடிக்கை என்னவென்றால், கேட்பவர் எவரும் எங்கள் விடைக்காகக் காத்திருப்பதில்லை. "கணக்குக் குரூப்பா? அப்புறம் என்ஜினீயரிங் என்பாள். பெண் பிள்ளைக்கு எதற்கு அந்த இரும்படிக்கிற வேலை?" என்று விடையையும் அவர்களே சொல்லி முடித்துவிடுகிறார்கள். பொறியியல் என்பதைக் கண்ணாலும் கண்டிராத நாங்கள் அதை வேண்டும் என்பதா, வேண்டாம் என்பதா? உண்ணாத பண்டத்தில் உப்புப் போதுமா என்று யார்தான் சொல்ல முடியும்?

இந்நிலையில்தான், நாங்கள் ஒன்பதாம் வகுப்பை முடித்திருந்த மே மாதத்தில் எங்களுக்கு ஒரு நல்வாய்ப்புக் கிட்டியது. எங்கள் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்று பள்ளி மாணவ மாணவியருக்காகப் பத்து நாள் பயிற்சி நடத்துவதாகச் சுற்றறிக்கை வந்தது. கட்டணம் இல்லை, தேர்வு இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. "மதிப்பெண் இல்லாத படிப்பும் ஒரு படிப்பா?" என்று சிலர் சிரித்தனர். எங்கள் தலைமையாசிரியை அருட்சகோதரி மட்டும் சிரிக்கவில்லை. பெற்றோரை ஒவ்வொருவராக அழைத்துப் பேசினார். முடிவில் ஆறு பேர் புறப்பட்டோம்.

முதல் நாள் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம் பின்னலைப் பற்றியது! பட்டறைக்குள் நுழையும் முன் இரட்டைப் பின்னலைச் சுருட்டிக் கொண்டையாக்க வேண்டும். துப்பட்டாவைக் கழற்றி வைக்க வேண்டும். செருப்புக் கூடாது, ஷூ வேண்டும். சுழலும் லேத்தில் ஒரு நூல் நுனி சிக்கினாலும் அது ஆளையே இழுத்துவிடும் என்று பட்டறை ஆசிரியர் விளக்கினார். கட்டுப்பாடு என்றாலே முகம் சுளிக்கும் நாங்கள், காரணம் தெரிந்த கட்டுப்பாடு எத்துணை இனிது என்பதை அன்று உணர்ந்தோம்.

அடுத்து ஒரு சிறு இரும்புத் தண்டையும் வெர்னியர் அளவியையும் எங்களிடம் தந்தார்கள். வெர்னியரின் மீச்சிற்றளவு 0.01 செ.மீ. என்பது எங்களுக்கு மனப்பாடம். எனினும் ஒரே தண்டை ஆறு பேர் அளந்தபோது ஒரே விடை வரவில்லை. எவர் அளந்தது சரி என்று எங்களுக்குள் வழக்குக்கூட எழுந்தது. பேராசிரியர் புன்னகையோடு, "அளவு என்றால் அதில் சிறு பிழை இருந்தே தீரும். அது எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, அதற்கும் இடம் வைத்துச் செய்பவரே பொறியாளர்" என்றார். பாடநூலில் ஒரு வரியாகப் படித்தது, அன்று எங்கள் கையில் பொருளாயிற்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?

மூன்றாம் நாள் அரம் பிடித்தோம். தேனிரும்புத் தகடு ஒன்றை வைஸில் இறுக்கி, நான்கு பக்கமும் செங்கோணமாக வரும்வரை அராவ வேண்டும். அரம் முன்னே தள்ளும்போது மட்டுமே இரும்பைத் தின்னும்; பின்னே இழுக்கும்போது அழுத்தினால் அதன் பற்கள்தான் தேயும். இதை அறிந்துகொள்வதற்குள் எங்கள் உள்ளங்கைகள் சிவந்து கொப்புளித்தன. அராவிய விளிம்பின்மேல் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னார்கள். இரண்டுக்கும் இடையில் எங்கே ஒளி கசிகிறதோ அங்கே பள்ளம். எங்கே ஒளி தெரியவில்லையோ அங்கே மேடு. மேட்டை மட்டும் மீண்டும் அராவ வேண்டும். "யாரும் உங்களைப் புகழவும் வேண்டாம், இகழவும் வேண்டாம். வெளிச்சம் சொல்லிவிடும்" என்றார் பட்டறை ஆசிரியர். அந்த மூலைமட்டம் எங்களை ஆணா பெண்ணா என்று கேட்கவே இல்லை!

பிறிதொரு நாள் ஐஸ் குச்சிகளால் பாலம் கட்டினோம். நான்கு குச்சிகளை ஒட்டிச் சதுரமாக்கி ஓரத்தில் தள்ளினால் அது சாய்ந்துவிடுகிறது. மூன்றால் முக்கோணமாக்கினாலோ அசையாமல் நிற்கிறது. பாம்பனில் 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலமாகட்டும், 2025-இல் திறக்கப்பட்ட புதிய பாலமாகட்டும், கப்பலுக்கு வழிவிடும் பகுதியின் இரும்புச் சட்டங்களில் இந்த முக்கோணங்களைப் படத்திலேயே காணலாம். ராமேசுவரம் போய் வந்த எங்களுக்கு இதுவரை அவை கண்ணில் பட்டதில்லை. இப்போதோ கொட்டகைக் கூரையைப் பார்த்தாலும் முக்கோணத்தைத்தான் எண்ணுகிறோம்.

ஒரு மாலையில், சென்னைக் கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வரலாற்றை எங்களுக்குச் சொன்னார்கள். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய அது, 1940-இல்தான் முதன்முதலாக ஒரு பெண்ணுக்குக் கதவைத் திறந்தது. அவர் பெயர் ஏ. லலிதா. பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்றவர். அவருக்குத் துணையாக கேரளத்து லீலம்மா ஜார்ஜும் பி. கே. திரேசியாவும் சேர்ந்தனர். லலிதா மின் பொறியியல் படித்தார். மற்ற இருவரும் கட்டடப் பொறியியல். பட்டம் பெறும் வேளையில், அச்சிட்ட சான்றிதழில் ஆண்பாற் சொல்லே இருந்ததால், அதை அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லை எழுதித் தந்தார்களாம்! பின்னர் லலிதா மின்கடத்தும் பாதைகளை வடிவமைத்தார். திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். நமக்கு முன்னே நடந்தவர்கள் முள்ளை அகற்றித்தான் நடந்திருக்கிறார்கள்.

கடைசி மூன்று நாட்களில் ஒவ்வொரு குழுவும் ஒரு பொருளைச் செய்து காட்ட வேண்டும். நாங்கள் எங்கள் பள்ளி விடுதியின் மேல்நிலைத் தொட்டியை நினைத்தோம். மோட்டாரைப் போட்டுவிட்டு ஜெபமாலைக்குப் போனால், தொட்டி நிறைந்து நீர் வழிந்தோடும். குடத்தோடு வரிசையில் நிற்கும் தெருவுக்கு நடுவே இப்படி நீர் வழிவது எத்துணை கொடுமை! எனவே நீர் நிறைந்ததும் ஒலிக்கும் மணி ஒன்று செய்தோம். இரண்டு கம்பிகளின் நுனிகள் தொட்டியின் வாயருகே தொங்கும். நீர் அவற்றைத் தொட்டவுடன் மிகச் சிறிய மின்னோட்டம் நீரின் வழியே பாய்ந்து ஒரு டிரான்சிஸ்டரை இயக்கும். அது பஸ்ஸரை ஒலிக்கச் செய்யும். நீரில் கரைந்துள்ள உப்புகளே மின்சாரத்துக்கு வழி விடுகின்றன. செப்புக் கம்பி நாளடைவில் பச்சை பூத்து அரிக்கும் என்று அங்கேயே சொல்லியிருந்தார்கள். அவ்வாறே சில மாதங்களில் மணியோசை மெலிந்தது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை மாற்றினோம். ஒரு பொருளைச் செய்து முடிப்பதோடு பொறியியல் முடிந்துவிடுவதில்லை. அதைப் பேணுவதும் பொறியியலே.

இறுதி நாள் கண்காட்சிக்குப் பெற்றோர் வந்தனர். எங்களுள் ஒருத்தியின் தந்தை சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். "என் கையில் படிந்த கிரீஸ் என் மகள் கையில் படியக் கூடாது" என்று சொல்லி, முதல் நாளே அவளை அனுப்பத் தயங்கியவர். அவர் மணியையும் பார்க்கவில்லை, பாலத்தையும் பார்க்கவில்லை. அவள் அராவிய தகட்டை எடுத்தார், மூலைமட்டத்தை வைத்தார், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். வெகு நேரம் பேசவில்லை.

"இதை நீயா ராவினே?"

"ஆமாம்ப்பா."

"பிசிறே இல்லையே!"

அவ்வளவுதான். அவர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் அந்த வீட்டில் "பெண் பிள்ளைக்கு எதற்கு?" என்ற பேச்சு எழவில்லை, கட்டணத்துக்கு என்ன செய்வது, விடுதியில் சேர்க்கலாமா என்ற பேச்சே நடக்கிறது. எங்களுக்கு அது பெரிய மாற்றமாகவே தோன்றுகிறது.

ஆறு பேரும் பொறியாளராகப் போகிறோமா என்றால், இல்லை. நால்வர் கணக்குக் குரூப் எடுக்க முடிவு செய்துவிட்டோம். சைக்கிள் கடைக்காரரின் மகள் தந்தையின் சொல்லுக்குக் காத்திருக்கிறாள். ஆறாமவள், "எனக்கு இரும்பைவிட மனிதர்களைத்தான் பிடித்திருக்கிறது, நான் செவிலியர் படிப்பேன்" என்கிறாள். அவளுக்கும் இப்பயிற்சி பயன்பட்டது என்றே சொல்வோம். வேண்டாம் என்பதையும் அவள் தெரிந்துதான் சொல்கிறாள்.

நம் மாநிலத்தில் 2007-08 முதல் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூவில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிட்டு இடம் தருகிறார்கள். ஏழை மாணவிக்கு இது நன்மையே. ஆயினும் ஒரு திருப்புளியைக்கூடத் தொடாமல் ஒருத்தி நான்காண்டுப் படிப்பைத் தேர்ந்தெடுக்கவும் கூடும், தொடாமலே ஒதுக்கவும் கூடும். பத்து நாள் பயிற்சி அந்தக் குறையைத்தான் தீர்க்கிறது.

நாட்டில் இன்று கதவுகள் பல திறந்திருக்கின்றன. 2016-இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கத்தின் கீழ் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் வந்துள்ளன. 2018 முதல் ஐ.ஐ.டி.க்களில் மாணவியருக்கென்று கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டன. 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியரின் உழைப்பில் உருவான ஆசாதிசாட் செயற்கைக்கோள் 2022-இல் சுற்றுப்பாதையை எட்டவில்லை, மறுபடியும் செய்தார்கள், 2023 பிப்ரவரியில் ஆசாதிசாட்-2 விண்ணில் நிலைபெற்றது.

ஆனால் எங்கள் வகுப்பிலேயே, வர விரும்பியும் வர முடியாத இருவர் இருந்தனர். ஒருத்திக்குத் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. மற்றவளுக்குத் தினமும் இரண்டு பேருந்துக்கான காசு இல்லை. கட்டணம் இல்லை என்பதால் மட்டும் ஒன்று எல்லாருக்கும் எட்டிவிடாது. ஆகவே அடுத்த ஆண்டு ஒரு வைஸும் நான்கு அரமும் ஒரு மூலைமட்டமும் நம் பள்ளிக்கே வர வேண்டும் என்று தலைமையாசிரியை அருட்சகோதரியிடம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளே! வரும் மே மாதத்துக்கான சுற்றறிக்கை இப்போது அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. வீட்டில் கையெழுத்து வாங்குங்கள். ஷூவும் கொண்டை ஊசியும் வியர்வை துடைக்க ஒரு கைக்குட்டையும் மறவாதீர்கள். கையில் கொப்புளம் வந்தால் அஞ்ச வேண்டாம். எங்களுக்கு ஒரு வாரத்தில் ஆறிவிட்டது.

- பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி